பரிமளம் வேண்டாமென்ற வேஷம்

பரிமளத்துக்கு வேஷம் வருவதெல்லாம் பெரும்பாலும் அடுப்பில் ரொட்டி வேகும் நேரத்தில்தான். கொழும்புக்காரர்களுக்கு அப்போதுதான் அவள் ஞாபகம் வரும் போலிருக்கிறது. கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், வரிசைவீட்டு லயத்துக்குள் போன் மணி அடிக்கும், பேச்சு கேட்காது. நோட்டன் பக்கத்து மலை மறைக்கிறது என்பார்கள். தெளிவாகப் பேச வேண்டுமென்றால் படியிறங்கிப் பீலிக்கரைக்குத்தான் ஓடவேண்டும். மாவுக்கையோடு போனைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடுவாள். பீலியில் தண்ணீர் பிடிக்க எந்நேரமும் நாலு பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். அதனால் பரிமளம் எந்த வேஷத்துக்குச் சரி என்றாள், எதை வேண்டாமென்றாள் என்பது அவள் புருஷன் இராமையாவுக்குத் தெரியும் முன்பே மேல்கணக்கு முழுக்கத் தெரிந்துவிடும்.

அவள் நடிக்கப் போவாள் என்று யாரும் கண்டதில்லை. டெலி நாடகம் எடுக்கிற கூட்டம் ஒன்று அணைக்கட்டுப் பக்கம் வந்து இறங்கியது. கார் ஒன்று பள்ளத்தில் விழும்போது மலையில் நின்று கையைத் தூக்கிக் கத்த ஒரு கொழுந்துக்காரி வேண்டும் என்றார்கள். வாயாடி என்று பார்த்துக் கங்காணி இவளை அனுப்பிவைத்தார். இவள் கத்துவதற்கு முன்னால், “கார்ல யாரு இருக்காங்க?” என்று சிங்களத்தில் கேட்டாள். டிரெக்டர் சிரித்துவிட்டு, புதுசாகக் கல்யாணம் முடித்த ஜோடி என்றார். அதன்பிறகு அவள் கத்தின கத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பையன் கேத்தலைக் கீழே போட்டுவிட்டான். அன்றிலிருந்து கூப்பிடத் தொடங்கினார்கள்.

கூப்பிட்டதற்கெல்லாம் போகிறவள் அல்ல பரிமளம். அவளுக்கென்று சட்டங்கள் உண்டு. தாலியைக் கழற்றும் சீன் என்றால் வேண்டாம். தாலியும் கயிறும் கம்பெனியே கொடுக்கும், நம்முடையதைத் தொடமாட்டார்கள் என்று மகள் சுலக்ஷனா எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. சிங்களத்தைக் குதறிப் பேசி ஆட்களைச் சிரிக்கவைக்கும் வேலைக்காரி வேஷமும் வேண்டாம். “எனக்குத்தான் நல்லா பேச வருதே. வராத மாதிரி பேசி நா எதுக்கு மத்தவங்களுக்குச் சிரிப்புக் காட்டணும்?” என்பாள். ஒருதரம் பிணமாகப் படுக்கக் கூப்பிட்டார்கள். இராமையாவுக்கு அந்த வேஷம் ரொம்பப் பிடித்துவிட்டது.

“படுத்தே கெடக்கலாம் புள்ள. மழையில்ல, அட்டையில்ல. போயிட்டு வாயேன்.”

“நீங்க போங்க. வீட்டுலயும் அந்த வேஷந்தான கட்டுறீங்க.”

இந்தச் சட்டங்களெல்லாம் போக அவளுக்கு மிஞ்சியது அழுகை. யாராவது சாகும்போது அழுகிற பெண், யாராவது அடிக்கும்போது அழுகிற பெண். போன வருஷம் ஒரு சிங்கள நாடகத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக ஒரேயொரு சீனில் வந்தாள். அந்த ஒரு சீன் அவளை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஹட்டன் பஸ்ஸில் தெரியாத சிங்களப் பெண்கள் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். கடைக்காரத் தம்பையா முதலாளி கருவாட்டை நிறுத்துவிட்டு மேலும் இரண்டைத் தூக்கிப் போட்டார். தோட்டத்துத் துரைகூட ஒருநாள் ஜீப்பை நிறுத்தி, நன்றாக அழுதாய் என்று சொல்லிவிட்டுப் போனார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டும்போது, “ஒரு சீனாவது சிரிக்கச் சொல்ல மாட்டேங்கிறானுங்களே” என்று அவள் புலம்பாத நாளில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஆனி மழையில் ஒருநாள் பிரதீபன் போன் எடுத்தான். ஹட்டன் டவுன் பிள்ளை. கொழும்பு டிரெக்டர்களுக்கு மலையகத்தில் ஆள் சேர்த்துக் கொடுப்பது அவன் தொழில். பரிமளம் கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு பீலிக்கரைக்கு இறங்கினாள்.

“அக்கா, இது நாடகமில்ல. படம். வெளிநாட்டுக்கெல்லாம் போகும். நீங்கதான் அம்மா. மொதல்லருந்து கடைசி வரைக்கும் வாறீங்க.”

“கடைசி வரைக்கும் அழுகணுமா தம்பி?”

“இல்லக்கா. ஆரம்பத்துல அம்மாவும் மகளும் கொழுந்து எடுத்துக்கிட்டே சிரிச்சுப் பேசுற சீன் மூணு இருக்கு.”

பரிமளத்துக்கு மழை தெரியவில்லை. மூன்று சீன் சிரிக்கலாம். “அப்பறம்?” என்றாள்.

“அப்பறம் மலையில வச்சு மகளுக்குக் குளவி கொட்டிரும்.”

பீலியில் குடத்தைப் பிடித்திருந்த பெண்கள் இவள் முகத்தையே பார்த்தார்கள். பிரதீபனின் குரல் அவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை மடியில் செருகிக்கொண்டாள்.

மேல்கணக்கில் குளவி என்றால் அது ராசம்மாவின் மகள் நிலக்ஷிதான். மூன்று வருஷம் முன்னால், ஐந்தாம் நம்பர் மலையில், சவுக்கு மரத்திலிருந்த கூடு கலைந்து கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேல் இறங்கியது. மற்றவர்கள் படங்கை மூடிக்கொண்டு தேயிலைக்கடியில் குப்புறப் படுத்தார்கள். நிலக்ஷி அன்று படங்கு கட்டாமல் வந்திருந்தாள். அவ்வளவுதான். கல்யாணம் பேசி வைத்திருந்த பிள்ளை. ராசம்மாவும் பரிமளமும் ஒரே லயத்துக்காரிகள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த நாளிலிருந்து பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவர்கள். ராசம்மா நாலைந்து வயசு மூத்தவள் என்பதால் பரிமளத்துக்கு அக்கா. நிலக்ஷிக்குப் பரிமளம் சித்தி.

அன்றைக்கு அடுப்படியில் பெரிய வழக்கே நடந்தது. இராமையா புகையிலையைக் கிள்ளி வாயில் ஒதுக்கிக்கொண்டு தொடங்கினார்.

“குளவி கொட்டி எந்தத் தோட்டத்துலதான் சாகல? எல்லா மலையிலயுந்தான் கூடு தொங்குது. இது ராசம்மா மக கதைன்னு அந்தப் பையன் சொன்னானா?”

“சொல்லல.”

“அப்பறம் என்னா? நீயா ஒண்ண நெனச்சுக்கிட்டு மொகத்த தூக்கி வச்சிருக்க.”

சுலக்ஷனா பாலர் பள்ளியில் படிப்பிப்பவள். அம்மாவின் சிங்கள வசனங்களை எழுதிவைத்துச் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான். அவள் சம்பலை அரைப்பதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, இவ்வளவு நாளும் மாடு மாதிரி கூட்டத்துல நிக்க வச்சாங்க. இப்பதான் ஒரு ஆளா நெனச்சுக் கூப்பிடுறாங்க. இதையும் விட்டா இனி கூப்பிட மாட்டாங்க.”

“எனக்கு ஆசையில்லன்னா நெனக்கிற? மூணு சீன் சிரிக்கலாமாண்டி.” பரிமளம் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். “அக்காகிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்பிடிப் போறது? கேட்டுட்டுப் போறேன்.”

அவள் கேட்கப் போவதற்கு முன் ராசம்மாவே வந்துவிட்டாள். மறுநாள் வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த நேரம். மரவள்ளிக் கிழங்கை அவித்துச் சட்டியோடு கொண்டுவந்திருந்தாள். ராசம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல. மகள் போன பிறகு அந்தக் கொஞ்சமும் குறைந்துவிட்டது. அடுப்புக்கு முன்னால் குந்தி, பரிமளம் கொடுத்த சாயத் தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தாள்.

“பீலிக்கரையில பேசிக்கிட்டாங்க,” என்றாள்.

“நானே வரணும்னு இருந்தேங்க்கா. ஒங்கள கேக்காம நா ஒண்ணும் சொல்லல.”

“அது எம்புள்ள கதையா புள்ள?”

“தெரியலக்கா. குளவின்னு சொன்னான்.”

ராசம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். “நா ஒன்னைய இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. அதுல நடிக்காத. நீ அம்மான்னு நிக்க, எவளோ ஒருத்தி நிலக்ஷி மாதிரி கெடக்க, அத இந்த லயத்துல டீவியப் போட்டுப் பாப்பாங்க. எனக்குத் தாங்காது.”

இராமையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரிமளம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ராசம்மாவின் உள்ளங்கையில் தன் கையை வைத்து அடித்தாள்.

“நடிக்க மாட்டேங்க்கா. இது சத்தியம்.”

ராசம்மா தலையை ஆட்டினாள். கிழங்கைச் சூட்டோடு சாப்பிடச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். பரிமளத்துக்கு ஆசைப்பட்டதை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்ற பெருமை அன்றைக்கு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் போதுமாக இருந்தது.

பிரதீபனுக்குப் பீலிக்கரையில் வைத்தே பதில் சொன்னாள். அவன் விடவில்லை. டிரெக்டர் மாத்தையா உங்கள் ஆஸ்பத்திரி சீனைப் பார்த்துத்தான் இந்தக் கதையையே எழுதினார் என்றான். என்ன சட்டம் போட்டாலும் மாத்தையா ஒத்துக்கொள்வார், கொஞ்சம் யோசியுங்கள் என்றான். பரிமளம், “வேணாம் தம்பி. வேற வேஷமிருந்தா சொல்லுங்க,” என்று முடித்துவிட்டாள். குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி, “நீ நல்ல மனுசிடி,” என்றாள். அதைக் கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் அப்படியில்லை. சுலக்ஷனா ஒரு கிழமை முழுக்கத் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இராமையா ஃபெக்டரியிலிருந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூரைத் தகரம் ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், “சிலபேருக்கு அடுத்தவன் சந்தோசந்தான் பெரிசு,” என்றார். பரிமளம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ராசம்மாவின் பக்கத்தில் போய் நிற்கும்போது அவளுக்கு எல்லாம் ஆறிப்போகும்.

ஆடி பிறந்து மழை கொஞ்சம் விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதீபன் மோட்டார் சைக்கிளில் நேரிலேயே வந்தான். பரிமளம் பீலிக்கரையில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாமென்று சொல்லியும் மறுபடி தேடி வந்திருக்கிறானே என்று அவளுக்குச் சந்தோஷம்.

“வாங்க தம்பி. வேற ஏதும் வேஷமா?”

“இல்லக்கா. அடுத்த கெழம இங்கயே சூட்டிங். தொரகிட்ட பர்மிசன் எடுக்க வந்தேன். அப்பிடியே ராசம்மா அக்காவையும் பாத்துட்டுப் போகணும்.”

“அவங்கள என்னாத்துக்கு? அவங்களுக்கு இதெல்லாம் காட்டாதீங்க. பாவம்.”

பிரதீபன் குழப்பத்தோடு அவளைப் பார்த்தான். “ஒங்களுக்குத் தெரியாதா? அவங்கதானே அம்மாவா நடிக்கிறாங்க.”

பரிமளம் அடித்த துணி கல்லிலேயே கிடந்தது.

“நா வேணாம்னு சொன்னதுக்கப்பறமா?” என்று கேட்டாள். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

“நா ஒங்களுக்கு மொதல்ல போன் எடுக்க முந்தியே அவங்க சரின்னு சொல்லிட்டாங்கக்கா. யாரோ சொல்லி மாத்தையாவுக்குத் தெரிஞ்சிருச்சு, உண்மையான அம்மா இங்கதான் இருக்காங்கன்னு. ஆனா அவருக்கு ஒங்க நடிப்புதான் வேணும். பரிமளம் வந்தா பரிமளந்தான், அவங்க வேணாம்னா பாப்போம்னு ராசம்மா அக்காகிட்டயும் சொல்லித்தான் வச்சிருந்தாரு.”

அப்படியென்றால் கிழங்குச் சட்டியோடு வந்து குந்தும்போது ராசம்மாவுக்கு எல்லாம் தெரியும். தாங்காது என்று சொல்லிக் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனது இதற்குத்தான். பரிமளம் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். நல்ல மனுசி என்று சொன்னவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று பரிமளத்துக்குத் தோன்றியது. இராமையாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிசாகத் தெரிந்தது.

இராமையா சிரிக்கவில்லை. “நா சொன்னா கேட்டியா?” என்றுகூட அவர் சொல்லாதது அவளுக்கு இன்னும் வலித்தது. சுலக்ஷனாதான் குமுறினாள்.

“அந்தப் பெரியம்மா இனி இந்த வாசல்ல கால் வைக்கட்டும், பாக்குறேன்.”

“நீ சும்மா இரு. கேக்க வேண்டியத நா கேட்டுக்குறேன்.”

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில் இருவருக்கும் வழக்கம்போலப் பக்கத்து நிரைதான். பனி இறங்கி, முன்னால் போகிறவளின் முதுகுப்பை மட்டும் தெரிந்தது. ராசம்மாவின் இரண்டு கையும் தேயிலை மேல் ஓடிக்கொண்டிருந்தன. பரிமளம் நாலு மரம் வரை பொறுத்தாள்.

“கெழங்கு எதுக்குக்கா கொண்டாந்தீங்க?”

ராசம்மா கையை நிறுத்தவில்லை. “பிரதீபன் சொல்லிட்டானா?”

“நீங்க சொல்லியிருக்கணும். எனக்கு அந்த வேஷம் வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன். தாங்காதுன்னீங்க. சத்தியம் வாங்குனீங்க. எங்க வீட்டுல ரெண்டு பேரும் என்னோட பேசாமக் கெடந்தாங்க. நா ஒங்களுக்காகன்னு நெனச்சு அத்தனையும் பொறுத்துக்கிட்டேன்.”

“தாங்காதுன்னு சொன்னது பொய்யில்ல.”

“அப்ப நீங்க நடிச்சா மட்டும் தாங்குமா?”

“அதுவும் தாங்காது.” ராசம்மா நிமிர்ந்தாள். கொழுந்தைப் பின்னால் பைக்குள் எறிந்தாள். “நீ நடிச்சா ரெண்டாவது தடவ ஆயிரும் புள்ள.”

“என்னா ரெண்டாவது தடவ?”

“ஒங்க வீட்டுலதான் எல்லாரும் ஒக்காந்து பாத்தோம். அந்த ஆஸ்பத்திரி சீன். நீ வராந்தாவுல குந்தி, செத்துப்போன புள்ளயோட பையிலருந்து கொழுந்த அள்ளி மடியில போட்டு, முத்தல ஒண்ணொண்ணா பொறுக்கி வெளிய போட்டியே. எல்லாரும் அழுதாங்க. ஒம்புருசன்கூட அழுதாரு. நா மட்டும் ஒன் கையவே பாத்துக்கிட்டிருந்தேன்.”

பரிமளம் கொழுந்தெடுப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள்.

“டிஸ்பென்சரி வராந்தாவுல நிலக்ஷிய உள்ள போட்டுட்டு நா அப்பிடித்தான் குந்தியிருந்தேன். எனக்கு அந்த நேரமெல்லாம் இருட்டு. என் கை அப்பிடிப் போச்சுங்கிறதே டீவில ஒன்னையப் பாத்தப்பதான் எனக்குத் தெரிஞ்சிச்சு. நீ ஒரு வார்த்த கேட்டியா என்னைய?”

“அங்க போயி நின்னதும் கை தானா போயிருச்சுக்கா. சத்தியமா வேணும்னு செய்யல.”

“இருக்கும். அப்பறம் தொர வந்து நல்லா அழுதேன்னு சொன்னப்ப, இது எங்க ராசம்மாக்காவோடதுன்னு சொன்னியா? தம்பையா முதலாளி கருவாடு போட்டப்ப சொன்னியா?” அவள் குரல் உயரவேயில்லை. “நானும் சொல்லல. ஒங்கூடவே நிரை புடிச்சேன். ஒரு நாளாச்சும் நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்.”

கீழிருந்து கங்காணி, “என்னா அங்க பேச்சு?” என்று சத்தம் போட்டார். இரண்டு பேரும் குனிந்துகொண்டார்கள். தெரியாமல் செய்தாள் என்பது பாதி உண்மை. சீன் முடிந்து டிரெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டபோது பரிமளம் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாள். அந்தச் சும்மா இருந்தது தெரிந்து செய்ததுதான். ஆனாலும் அவளுக்கு அன்று அந்த நியாயம் ஏறவில்லை. சட்டியோடு வந்து ஏமாற்றினாளே என்பதுதான் நெஞ்சில் நின்றது. மறுநாள் பெரட்டில் கங்காணியிடம் கேட்டுத் தன் நிரையை மாற்றிக்கொண்டாள்.

அடுத்த கிழமை சூட்டிங்காரர்களின் வான்கள் வந்தன. மேல்கணக்குச் சனத்துக்கெல்லாம் அன்று கூட்டத்தில் நிற்கிற வேலை. பரிமளம் வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்தாள். பத்து மணிபோல சுலக்ஷனா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“அம்மா, பெரியம்மாவுக்கு வரல. காலையிலருந்து எத்தன தடவ எடுத்தும் சும்மா குந்தியிருக்காங்க. ஒங்கள கூட்டியாரச் சொல்றாரு மாத்தையா.”

“எதுக்கு? அவங்களத் தூக்கிட்டு என்னையப் போடவா?” கேட்கும்போதே அவளுக்குள் ஒரு ஆசை தலை தூக்கியது. அதை மறைக்க முந்தானையை உதறிச் செருகினாள்.

டிஸ்பென்சரி வராந்தாவைத்தான் ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். அதே சிமெந்துத் தரை. அதே பச்சைக் கதவு. விளக்குகளுக்கு நடுவில் ராசம்மா குந்தியிருந்தாள். பக்கத்தில் கொழுந்து நிறைந்த பை. அவள் அதைத் தொடவில்லை. சுற்றி நின்ற சனம் இருமக்கூட இல்லை. டிரெக்டர் நல்ல மனுஷர், சலித்துக்கொள்ளாதவர். பரிமளத்தைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுப் பிரதீபனிடம் ஏதோ சொன்னார். பிரதீபன் தயங்கித் தயங்கி அதை ராசம்மாவுக்கும் புரியத் தமிழில் சொன்னான்.

“நீங்க நாடகத்துல செஞ்சீங்களே, அத இவங்களுக்கு ஒருதரம் செஞ்சு காட்டச் சொல்றாரு. பாத்தா அவங்களுக்கு வந்துரும்னு நெனக்கிறாரு.”

மேல்கணக்கே பார்த்துக்கொண்டிருந்தது. பரிமளத்துக்கு முகமெல்லாம் எரிந்தது. என்னுடையதை எடுத்துக்கொண்டாய் என்று சொன்னவளுக்கே அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். தன்னை ஏமாற்றி வாங்கிய வேஷத்தை அவள் சரியாகச் செய்ய தானே உதவ வேண்டுமாம்.

“எனக்கு வேணாம் தம்பி. நா போறேன்,” என்று திரும்பினாள்.

“பரிமளம்.”

ராசம்மா கூப்பிட்டாள். பரிமளம் திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

“டீவில நீ காட்டுன வரைக்கும் எனக்குத் தெரியும். முத்தல் பொறுக்குனது தெரியும். அதுக்கப்பறம் நா என்னா செஞ்சேன்? வேற யாரும் அன்னைக்குக் கிட்ட வரல. நீதான் பக்கத்துல நின்ன.”

பரிமளம் மெதுவாகத் திரும்பினாள். கோபம் இன்னும் அப்படியே இருந்தது. இருந்தாலும் கால் வராந்தாவில் ஏறியது. ராசம்மாவுக்கு எதிரில் குந்தினாள். நாடகத்தில் அவள் காட்டாமல் விட்ட மிச்சம் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“பொறுக்கி முடிச்சிட்டு நல்ல கொழுந்த திரும்பப் பைக்குள்ள போட்டீங்க,” என்றாள். “போட்டுட்டு என் கையில குடுத்தீங்க.”

“குடுத்து என்னா சொன்னேன்?”

“‘மடுவத்துல கொண்டுபோயி நிறுத்து நிலக்ஷி பேருல போடச் சொல்லு. மத்தியானத்தோட நின்னுட்டான்னு அவளுக்கு அரைப்பேரு போட்டு அரைச் சம்பளமாக்கிருவாங்க. முழுசா வேல செஞ்ச புள்ள’ன்னு சொன்னீங்க.”

ராசம்மாவின் முகம் அசையவில்லை. கைகள் மட்டும் பையைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

“போட்டாங்களா?” என்று கேட்டாள்.

கொழுந்து நிறுக்கும் மடுவம் டிஸ்பென்சரிக்குக் கீழேதான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். அன்றைக்குப் பரிமளம் போகவில்லை. பையைக் கையில் வாங்கிக்கொண்டு, ராசம்மா வெறும் மடியில் இன்னமும் முத்தல் தேடிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். பார்த்ததையெல்லாம் மனசுக்குள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தி வரை நின்றாள். பை வராந்தா மூலையில் கிடந்து கறுத்துப்போனது.

“இல்லக்கா,” என்றாள் பரிமளம். “நா கொண்டுபோகல.”

ராசம்மா அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து, மகள் பெயரை ஒருதரம் சொன்னாள். அதன்பிறகு அவளிடமிருந்து வந்த அழுகையை மேல்கணக்கு அதுவரை கேட்டதில்லை. கூட்டத்தில் நின்ற பெண்கள், தங்களை யாரும் அழச் சொல்லாமலே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கேமராவுக்குப் பின்னால் டிரெக்டர் மூச்சுவிடாமல் நின்றார். பேச்சு ஒன்றும் அவருக்குப் புரியவில்லை, ஆனால் எல்லாம் பதிவாகியிருந்தது.

அடங்கின பிறகு பிரதீபன் பேசினதையெல்லாம் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, அவர் அவன் காதில் நெடுநேரம் பேசினார். பிரதீபன் வராந்தாவுக்கு வந்து பரிமளத்துக்குப் பக்கத்தில் குனிந்தான்.

“அக்கா, மாத்தையா சொல்றாரு, இது கதையில இல்லாட்டியும் இப்பிடியே இருக்கட்டுமாம். கிட்டத்துல ஒருதரம் எடுக்கணுமாம். நீங்களும் இருக்கணும். பையக் கையில வாங்கிக்கிட்டு, கொண்டுபோகாம நிக்கிற பொம்பள. வசனம் அந்த ‘நா கொண்டுபோகல’ ஒண்ணுதான். செய்வீங்களா?”

வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய் அவளுடையது. ராசம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை இரண்டு கையாலும் தூக்கி அவள் பக்கம் நீட்டியபடி காத்திருந்தாள். பரிமளம் அதை வாங்கிக்கொண்டு நின்றாள்.